பட்டன் தேயாத டயரும் பென்சிலில் எடுத்த சேசிஸ் எண்ணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கார் பட்டறை நடத்திவருகிறேன். 15 ஆண்டுகளைக் கடந்த சொந்த உபயோக வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கும்போது நடக்கும் சோதனையை, அதாவது மக்கள் வழக்கில் ‘எஃப்.சி. காட்டுவது’ என்று சொல்லப்படுவதை, எந்த அளவுக்கு நம்பலாம் என்பது பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன் என் பட்டறைக்கு 1989-ஆம் ஆண்டுத் தயாரிப்பான போர்ஷே 944 கார் ஒன்று வந்தது. இங்கிலாந்தில் ஓடி, பின்னர் இங்கே இறக்குமதியான வண்டி அது. விற்றவர், விற்பதற்குச் சற்று முன்புதான் பதிவைப் புதுப்பித்திருந்தார். வாங்கிய இளைஞர் அந்தச் சான்றையே பெரிய உத்தரவாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். “எஃப்.சி. இப்பத்தான் காட்டியிருக்குண்ணே, இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரிக்குப் பின்னால பிரேக் அடிச்சா மட்டும் இடது பக்கம் இழுக்குது, அதை மட்டும் பாருங்க” என்றார்.

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். முன்சக்கர டயர்களில் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் மேடு, புதிது போலவே இருந்தது, 1.6 மில்லிமீட்டர் இருந்தாலே போதும் என்கிற இடத்தில் ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கம் 2308. அதாவது 2008-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். விரலால் அழுத்தி விளக்கடித்துப் பார்த்தால், விளிம்பை ஒட்டி மயிரிழை போல வெடிப்புகள் சுற்றிவர ஓடின. வலது முன்சக்கரத்துக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸ் வெளிப்பார்வைக்கு ஒரு குறையுமில்லாமல் இருந்தது. கழற்றி ஊதியபோதுதான் உள்ரப்பர் உப்பி வழியை அடைத்திருப்பது தெரிந்தது. அந்தச் சக்கரம் தாமதமாகப் பிடித்ததால்தான் வண்டி இடப்பக்கம் இழுத்திருக்கிறது. பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. பெட்ரோல் ஹோஸை லேசாக வளைத்ததும் மேல்தோல் வெடித்தது. சூடான இன்ஜினுக்கு மேலே அது கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. கதவுகளுக்குக் கீழே ஓடும் பட்டைப் பகுதியில், தடிமனான ரப்பர் பூச்சுக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், உள்ளே இறங்கிவிட்டது. இந்த மாடலின் உடல் துத்தநாகப் பூச்சுப் பெற்றதுதான். இருந்தாலும் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாட்டில் ஓடிவிட்டு, காசிமேட்டுக் கடற்காற்றில் வந்து நிற்கிற இரும்புக்கு எந்தப் பூச்சும் என்றைக்கும் காவல் நிற்காது.

இவற்றில் ஒன்றுகூடச் சோதனையில் கண்ணில் படவில்லை. படவும் வழியில்லை. வாடிக்கையாளர்களின் வண்டிகளை நானே பலமுறை கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், நம்பர் பிளேட் பார்க்கப்படும். சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சை ஆர்.சி.யோடு ஒப்பிடுவார்கள், கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லிப் பிரேக் பார்ப்பார்கள். திறந்தவெளி மைதானத்தில் லிஃப்டும் இல்லை, வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்கும் பள்ளமும் இல்லை. இவ்வளவு தாழ்வான காரின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டுமானால் ஆய்வாளர் தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரே காலைப்பொழுதில் பள்ளி வேன், ஆட்டோ, லாரி என்று வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்த்தாக வேண்டிய ‘பிரேக் இன்ஸ்பெக்டரை’ நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்திருக்கும் சோதனை முறையைத்தான் குறை சொல்கிறேன்.

அந்த முறை தேய்மானத்தைத் தேடுகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் காரோ ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். “இருபது வருஷத்தில் நாற்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை” என்று பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். ரப்பருக்கு அது பெருமையே அன்று. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையிலாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் குறைந்தபட்ச வரையறை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அதை, நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்தாண்டு விட்டுவைத்தால், ஆயில் சீக்கிரமே கொதித்துப் பிரேக் பிடிக்காமல் போகலாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்த போர்ஷே 944 இன்ஜினில், பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். ஆகவே அதையும் ஓடிய தூரத்தை மட்டும் பார்க்காமல் வயதைப் பார்த்து மாற்ற வேண்டும்.

நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று போர்ஷே கரேரா ஜிடி காரில் சென்று இறந்த விபத்துக்கு அதிவேகமே காரணம் என்று புலனாய்வு முடிவு செய்தது. அதே புலனாய்வில், அந்தக் காரின் டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழையவை என்பதும் பதிவாகியிருக்கிறது. நான் மேலே சொன்ன டயர்களின் வயது அதைவிட அதிகம்.

கட்டணத்தையும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் அறிவிக்கையின்படி 2022 ஏப்ரல் முதல் இறக்குமதிக் காரின் பதிவைப் புதுப்பிக்க 40,000 ரூபாய். 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அது 80,000 ரூபாய் ஆக்கப்பட்டது. கட்டணம் வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இவ்வளவு தொகை கட்டுகிற ஒருவருக்கு, அவர் வண்டியை ஒருமுறை தூக்கி நிறுத்தி அடியில் விளக்கடித்துப் பார்த்தோம் என்று சொல்லும் அளவுக்காவது சோதனை இருக்க வேண்டாமா?

இங்கிலாந்தில் மூன்று ஆண்டைக் கடந்த காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. அதிலும் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸின் உள்நிலையைப் பார்ப்பதில்லை. எதையும் கழற்றிப் பார்ப்பதும் இல்லை. ஆயினும் தேறிய வண்டிக்குக்கூட ‘இது விரைவில் கவனிக்கப்பட வேண்டும்’ என்று குறிப்பு எழுதிக் கொடுக்கிறார்கள். பழைய சோதனைகளின் முடிவுகளை, வண்டி எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நம் சான்றிலோ தேறியது, தேறவில்லை என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. தேறிய நாளிலிருந்து ஐந்தாண்டுக்கு வேறு சோதனையும் கிடையாது.

சிறுவயதில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயங்களைப் பார்க்கப் பேருந்து ஏறிப் போவேன். ஒவ்வொரு காரையும் களத்தில் இறக்குவதற்கு முன்னால் சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். குழாய் குழாயாகத் தொட்டுப் பார்ப்பார்கள். சில சுற்று மட்டுமே ஓடப்போகும் வண்டிக்கு இருந்த அந்த அக்கறை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்துபோகும் திருவொற்றியூர்ச் சாலையில் ஐந்தாண்டு ஓடப்போகும் வண்டிக்கு வேண்டும் என்று கேட்பது அதிகமாகாது.

வயதை மட்டும் காட்டி, டெல்லியில் முன்பு உத்தரவிட்டதைப் போல 15 ஆண்டுப் பெட்ரோல் கார்களை ஓரங்கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் பராமரித்த முப்பது ஆண்டுக் காரை இன்றும் எவர் கையிலும் தைரியமாகக் கொடுப்பேன். வடசென்னையில் புதுப்பிப்புச் சோதனை நடக்கும் இடங்களில் ஒரு லிஃப்டாவது, ஒரு பள்ளமாவது அமைக்க வேண்டும். பிரேக்கை உருளைக் கருவியில் ஏற்றி, சக்கரத்துக்குச் சக்கரம் அளந்து பார்க்க வேண்டும்; வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒத்துப்போகவில்லை என்பதை அது அந்த நிமிடமே காட்டியிருக்கும். பெரும் செலவு பிடிக்கும் இவற்றுக்குக் காலம் ஆகும் என்றால், நான்கு டயர்களின் வாரமும் ஆண்டும் கொண்ட இலக்கத்தையும், பிரேக் ஆயிலும் ஹோஸ்களும் கடைசியாக மாற்றப்பட்ட தேதியையும் சான்றிலேயே எழுதும் வழக்கத்தை நாளைக்கே தொடங்கலாம். பென்சிலும் காகிதமும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. போக்குவரத்துத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டும் எனத் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.