ஞாயிறு காலை வீதியோரச் சிரமதானம்

உறவுகளுக்கு வணக்கம். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு யாழ்ப்பாணம் அரியாலையில் கண்டி வீதியோரத்தைத் துப்புரவாக்குகிறோம். கண்டி வீதி ஏ9 நெடுஞ்சாலை என்பதால் அதன் பராமரிப்பு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. மாநகர சபையைத் திட்டிப் பயனில்லை. தார் விளிம்பை நாம் தொடவேண்டாம்.

முதல் வேலை பார்த்தீனியம் என்ற களைச்செடி. வெட்டினால் மறுபடி தளிர்க்கும். வெள்ளைப் பூ முற்றினால் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். ஆகவே பூக்குமுன் வேரோடு பிடுங்கவேண்டும். தோல் கடிக்கும், கையுறையும் நீளக்கைச் சட்டையும் கட்டாயம். உரப்பை, மண்வெட்டி கொண்டுவாருங்கள்.

மதகு வாயை இளநீர்க் கோம்பைகளும் சொப்பிங் பைகளும் அடைத்துக் கிடக்கின்றன. போட்டவர்கள் இந்தக் குழுவிலும் இருக்கலாம்! மாரிக்கு முன் எடுக்காவிட்டால் வெள்ளம் நம் வளவுக்குள்தான் வரும்.

சிறுவர்களை அழைத்துவரவேண்டாம், பஸ்கள் பறக்கும் இடம். தேநீர் உண்டு, பேணி உங்களுடையது.