இன்னொரு பி.சி.ஆர். இயந்திரம் கேட்குமுன்

ஆசிரியருக்கு,

மாரிமழை பிடித்தால் டெங்கு, எலிக்காய்ச்சல் மாதிரிகள் ஆய்வுகூடத்தில் குவியும், முடிவு பிந்தும். உடனே "இன்னொரு பி.சி.ஆர். இயந்திரம் வேண்டும்" என்ற குரல் எழும். (பி.சி.ஆர். என்பது கிருமியின் மரபணுத் துணுக்கைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை.) அதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் பார்க்கலாம்.

இயந்திரத்தில் வைக்கும் ஒரு பிளேட்டில் 96 குழிகள். சோதனை சரியாக ஓடியதா என்று காட்டும் பொசிற்றிவ், நெகற்றிவ் கொன்ட்ரோல் இரண்டும் போக 94 மாதிரிகள். பெருக்கும் 40 சுற்றும் ஓடி முடிய ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். ஆனால் அதற்கு முன் அந்த 94 இலிருந்தும் கிருமியின் மரபணுப்பொருளைக் (டெங்குவுக்கு ஆர்.என்.ஏ., எலிக்காய்ச்சலுக்கு டி.என்.ஏ.) கையால் பிரிப்பதென்றால், 24 ரியூப் கொள்ளும் சென்ரிபியூஜில் (வேகமாகச் சுழற்றும் கருவியில்) நாலு தடவை. தடவைக்கு இரண்டு மணித்தியாலம் வைத்தாலும் ஒரு ஆளின் முழுநாள் அதிலேயே போய்விடும். புது இயந்திரம் வந்தால் பழையதுக்குப் பக்கத்தில் அதுவும் சும்மா கிடக்கும்.

காசு போகவேண்டியது, மரபணுப்பொருள் ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய காந்தமணிகளால் அதைப் பிரித்தெடுக்கும் கருவிக்கு. 32 அல்லது 96 மாதிரிகளை ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துத் தரும். கவனிக்க வேண்டியது கழுவிய பிறகு வரும் உலர்த்தல்: எதனோல் ஒரு துளி தங்கினாலும் பி.சி.ஆர். மந்தமாகும், மணிகள் வெடிப்பு விடுமளவுக்குக் காய்ந்தால் மரபணுப்பொருள் அவற்றை விட்டு இறங்காது. ஒவ்வொரு மாதிரியோடும் கூடவே ஓடும் உள்ளகக் கொன்ட்ரோல் ஒன்று சேர்த்தால்தான் "நெகற்றிவ்" உண்மையா, வேலை பிழைத்ததா என்று தெரியும்.

குழிக்கு 20 மைக்கிரோலீற்றர் மாஸ்டர் மிக்ஸ் (பி.சி.ஆருக்கான இரசாயனக் கலவை) என்றால் 96க்கு 1920. அளந்து அவ்வளவே கலந்தால் கடைசி நிரலுக்குப் போதாது, பிப்பெற்றின் நுனியில் (ரிப்பில்) ஒட்டுவது போய்விடும். 105க்குக் கலக்க வேண்டும். எட்டு வாய் பிப்பெற்றில் 96 தடவை அழுத்துவது 12 தடவையாகும். அவசரத்தில் ஓடிமுடிந்த பிளேட்டின் மூடியை மட்டும் உரிக்கக்கூடாது. பெருகிய பிரதிகள் அறையெங்கும் பரவி, மறுநாள் நெகற்றிவ் கொன்ட்ரோலே பொசிற்றிவாக வரும்.

ஐந்து மாதிரிகளை ஒரு கூட்டாகக் கலந்து சோதித்து, பொசிற்றிவானால் மட்டும் தனித்தனியே பார்க்கலாமே என்பார்கள். நூற்றுக்கு ஒருவருக்கே தொற்று இருக்கும் காலத்தில் அது பெரிய லாபம்: 100 மாதிரிக்குச் சுமார் 25 சோதனை போதும். நூற்றுக்கு 30 பேர் பொசிற்றிவாகும் பருவத்தில், பெரும்பாலான கூட்டுகளைத் திரும்பப் பிரித்துப் பார்த்து 100ஐயும் தாண்டிவிடும். ஐந்து மடங்கு ஐதாவதால் பொசிற்றிவ் தெரிவது 40 சுற்றில் இரண்டு சுற்றுக்கு மேல் பிந்தும். மெல்லிய பொசிற்றிவ் நழுவும். நோய் குறைந்த மாதங்களுக்கே இது சரி.

இனி ஆய்வுகூடத்துக்கு வெளியே. வாகரையிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் வரும் இரத்தம் ஊதா மூடி ஈ.டி.ரி.ஏ. (இரத்தம் உறையாமல் வைக்கும் பொருள்) ரியூப்பில் வரட்டும். பச்சை மூடி ரியூப்பிலுள்ள ஹெப்பாரினும் இரத்தத்தை உறையாமல் வைக்கும், ஆனால் பி.சி.ஆரைத் தடுக்கும். முழு இரத்தத்தை உறையவைத்தால் செங்கலங்கள் உடைந்து அதே தொல்லை. குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகை போதும்.

பெயர்ச் சிக்கல் தனி. முகம்மது என்பதை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். படிவத்தில் ஒன்று, ரியூப்பில் இன்னொன்று. பேனையால் எழுதிய இலக்கமோ ஸ்பிரிற் பட்டவுடன் அழியும். எது யாருடையது என்று தேடுவதில் காலை போய்விடும். இரத்தம் எடுக்கும் கட்டிலருகிலேயே ஒரே பார்கோட்டைப் படிவத்திலும் ரியூப்பிலும் ஒட்டினால் இந்தத் தேடல் இல்லை. அதற்கு இயந்திரத்தின் விலையில் ஒரு துளிகூட ஆகாது.

மூலக்கூற்று ஆய்வுகூடப் பணியாளர் சிலர்,
மட்டக்களப்பு