பிற்பகலில் ஏன் படகு இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தொலைபேசியை எடுத்தால் முதலில் வரும் கேள்வி, "ஏரிக்கு எது சீசன்?" என்பதுதான். இன்னொரு கேள்வி இங்கே வந்த பிறகு, கொஞ்சம் கோபத்தோடு வரும்: "வெயில் இவ்வளவு நன்றாக அடிக்கிறது, மதியத்துக்கு மேல் ஏன் படகு தர மறுக்கிறீர்கள்?"

கோபத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். காலையில் ஏரி கண்ணாடி போலக் கிடக்கும். வெயில் ஏற ஏற, மலைச்சரிவு தண்ணீரைவிடச் சீக்கிரம் சூடாகும். சரிவை ஒட்டிய காற்று மேலே கிளம்ப, அந்த இடத்துக்குப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஓடி வரும். உச்சிப்பொழுது தாண்டினால் அலை எழுவது அதனால்தான். கோடையில் இடிமேகம் திரள்வதும் பெரும்பாலும் பிற்பகலில்தான். நடு ஏரியில் மின்னலுக்கு உங்கள் தலையைவிட உயரமான இலக்கு கிடைக்காது. எனவே துடுப்புப் படகும் கயாக்கும் விடியலிலிருந்து நண்பகல்வரை மட்டுமே. போகும்போது காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுங்கள். திரும்பும்போது, கை ஓய்ந்திருக்கும் நேரத்தில், அதுவே உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். இதை மாற்றிச் செய்தவர்களை எதிர்க்கரையிலிருந்து பலமுறை அழைத்து வந்திருக்கிறோம்.

அப்புறம் லைஃப் ஜாக்கெட். "எனக்கு நன்றாக நீச்சல் தெரியும்" என்பவர்களோடுதான் எங்களுக்குத் தினமும் வழக்கு. இது பனி உருகி வந்த தண்ணீர். கோடையில் மேலே ஒரு அடுக்கு மட்டும் இதமாக இருக்கும். கீழே சில்லென்று இருக்கும். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் பேச்சைக் கேட்காது, திணறித் திணறி இழுக்கும். பத்து நிமிடம் போனால் கைகால் வேலை செய்யாது. உடல் வெப்பம் அபாயமான அளவுக்குக் குறைய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதாவது குளிர் ஆளைக் கொல்லும் முன்பே பலர் மூழ்கிவிடுகிறார்கள். ஜாக்கெட் போடாதவருக்குப் படகு இல்லை; இதில் எங்களோடு பேரம் பேச வேண்டாம்.

சரி, சீசனுக்கு வருவோம். கோடையில்தான் கூட்டம். எங்களைக் கேட்டால் இலையுதிர் காலம் என்போம். மேல்மட்ட நீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்க, ஏரி முழுவதும் ஒரு புரட்டு புரண்டுவிடும். கோடையெல்லாம் ஆழத்தில் ஒளிந்திருந்த ட்ரவுட் மீன்கள் கரைப் பக்கம் வரும். தூண்டில்காரர்கள் அதற்காகவே வருகிறார்கள். எதுவும் செய்யாமல் கரையில் நாற்காலி போட்டு உட்கார நினைப்பவர்களுக்கும் அந்த வாரங்கள்தான் ஏற்றவை.

குளிர்காலத்தில் ஏரி உறையும். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமானது. அதைவிடக் குளிர்ந்தது மேலேயே தங்கிப் பனிக்கட்டியாகும், அடியில் மீன்கள் பிழைத்துக்கிடக்கும். எல்லா மலை ஏரியும் இப்படி உறைவதில்லை. அமெரிக்காவின் தாஹோ 501 மீட்டர் ஆழம், அது முழுவதுமாக உறைவதே இல்லை. எங்கள் ஏரியில் துளையிட்டு அளந்து பார்ப்போம். தெளிந்த, கெட்டியான கட்டி 10 சென்டிமீட்டர் இருந்தால்தான் நடக்க விடுவோம். வெள்ளையாகத் தெரியும் கட்டிக்கு ஏறக்குறைய பாதி வலுதான். ஓடை வந்து கலக்கும் இடத்தில் எப்போதும் மெலிதாக இருக்கும். எங்கள் கொடிகளைத் தாண்டாதீர்கள். குளிர்தானே என்று சன்ஸ்கிரீனை வீட்டில் விட்டுவிட்டும் வராதீர்கள். உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம், புதிதாகப் பெய்த பனி அதில் பெரும்பகுதியை முகத்துக்கே திருப்பி அனுப்பும்.

பனி உருகும் மாதம் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: படகும் விட முடியாது, பனிக்கட்டியில் நடக்கவும் முடியாது, பாதையெல்லாம் சேறு. திரும்பி வரும் பறவைகளைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் மட்டும் அப்போது அறை கேளுங்கள். ரப்பர் பூட்ஸ் கொண்டு வாருங்கள்; எங்களிடம் இருப்பது இரண்டு ஜோடி, இரண்டும் பெரிய அளவு.

இப்படிக்கு,
படகுத்துறையிலிருந்து நாங்கள்