இரண்டு நடைகளும் ஒத்துப்போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரிலிருந்து புறப்பட்டு காஞ்சிபுரம், மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், சீர்காழி, வைத்தீஸ்வரன்கோயில், திருக்கடையூர், தரங்கம்பாடி வரை சென்று, திருவண்ணாமலை வழியாக நான்காம் நாள் வீடு திரும்பும் பயணத்தைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தொலைவு, தங்குமிடம், சாப்பாடு ஆகியவை பொறுப்பாகச் சொல்லப்பட்டிருந்தன. எந்த ஊரில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்பது மட்டும் எங்கும் சொல்லப்படவில்லை. ஏறத்தாழ இதே வழியில் சென்ற மாசி மாதம் நானும் என் மனைவியும் ஒரு சுற்றுலா வேனில் போய் வந்தவர்கள் என்பதால், அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை எழுதத் தோன்றியது.

நான் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேருந்து ஒரு தடவை போவதை நடை என்போம். கோயிலின் கருவறை வாசலுக்கும் நடை என்றே பெயர். இந்த இரண்டு நடைகளும் ஒத்துப்போகாவிட்டால் பயணி தெருவில் நிற்பார். பெரும்பாலான கோயில்களில் உச்சிக்கால பூஜை முடிந்து 12 மணியிலிருந்து 12.30 மணிக்குள் நடை சாத்தி, மாலை 4 மணியை ஒட்டித்தான் மீண்டும் திறக்கிறார்கள் என்பது குழந்தைக்கும் தெரிந்த செய்தி. எங்கள் பயணத் திட்டத்தைப் போட்டவருக்கு மட்டும் அது தெரியவில்லை போலும்.

காலை 5 மணிக்குப் புறப்பட வேண்டிய வேன், விடுதி விடுதியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு 6.45 மணிக்குத்தான் வேலூரை விட்டுக் கிளம்பியது. சிகிச்சைக்காக வேலூருக்கு வந்து வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பங்கள், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் இடைவெளியில் இத்தகைய பயணங்களுக்கு வருவது வழக்கம். எங்களுடன் அப்படி இரண்டு குடும்பங்கள் வந்தன. காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் என மூன்று கோயில்களை முடித்துக் கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 12.20, கதவு சாத்தியிருந்தது. வழிகாட்டி எங்களைச் சாப்பிட வைத்து, பிறகு ஒரு பட்டுச் சேலைக் கடையில் இறக்கிவிட்டார். சேலை எடுக்காதவர்களும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். 4 மணிக்குத் திறக்கும் கோயிலுக்காகக் காத்திருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் மாமல்லபுரத்துக்கு நேரமாகிறது என்று சொல்லி 3.30 மணிக்கு வேனை எடுத்துவிட்டார்கள். செங்கல்பட்டு நெரிசலையும் ஒரு தேநீர்க் கடையையும் கடந்து கடற்கரைக் கோயிலை அடைந்தபோது 6 மணியைத் தாண்டியிருந்தது. நுழைவுச் சீட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, இருட்டில் கோபுரத்தின் கோட்டுருவத்தைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினோம்.

அன்று நாங்கள் எதை இழந்தோம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் எடுப்பித்தவன் ஒரே பல்லவ மன்னன், இராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன். முன்னது மணற்கல்லில் எழுந்தது. சுற்று மதிலை ஒட்டி வரிசையாகச் சிறு சன்னதிகள், அவற்றின் சுவர்களில் பழைய ஓவியத்தின் எச்சங்கள், கருவறையைச் சுற்றித் தவழ்ந்து போக வேண்டிய ஒரு குறுகிய வழி. பின்னது உப்புக் காற்றையும் அலையையும் முகத்தில் வாங்கிக்கொண்டு, இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பள்ளிகொண்ட பெருமாளை வைத்துக்கொண்டு நிற்பது. காலையில் ஒன்றையும் அதே நாள் பிற்பகலில் மற்றொன்றையும் பார்த்தால், ஒரே அரசனின் காலத்துக் கல்வேலை நகரத்தில் எப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கிறது, கடல் ஓரத்தில் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதை ஒரே மூச்சில் கண்டுகொள்ளலாம். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். 1984-ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மாமல்லபுரத்துச் சின்னங்களுக்கு உச்சிவேளையில் நடை சாத்தும் வழக்கம் இல்லை. மாலை 6 மணி வரை பார்க்கலாம். கோயில் பூட்டியிருக்கும் நான்கு மணி நேரத்துக்கு ஏற்ற இடம் இதைவிட வேறு என்ன இருக்க முடியும்? நாங்களோ அந்த நேரத்தைச் சேலைக் கடையில் கழித்தோம்.

மறுநாள் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலை முழுவதும் உலவவிட்டு, கடலூர் வழியாகச் சிதம்பரத்துக்கு 12.30 மணிக்குக் கொண்டு சேர்த்தார்கள். நடை சாத்தியாயிற்று. சரி, சீர்காழியைப் பார்க்கலாம் என்று போனால் அங்கேயும் அப்படித்தான். அடுத்த வைத்தீஸ்வரன்கோயிலிலும் அப்படித்தான். ஒரே உச்சிப் பொழுதில் மூன்று தலங்களின் மூடிய கதவுகளைத் தரிசித்தவர்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். கடற்கரையில் உலவுவதற்குக் காலை என்ன, பகல் என்ன? மாமல்லபுரத்திலிருந்து விடியற்காலையில் நேரே சிதம்பரத்துக்குப் போய்விட்டு, புதுச்சேரியை வேறொரு பயணத்துக்கு ஒதுக்கியிருக்கலாம். அல்லது, நான் போட்டிருந்தால் போட்டிருக்கும் திட்டப்படி, பகலைப் புதுச்சேரியில் கழித்து மாலை 5 மணிக்குச் சிதம்பரம் சேர்ந்து இரவு அங்கேயே தங்கியிருக்கலாம்.

சாயரட்சை என்னும் மாலைப் பூஜைக்குத் திருவாரூர், அர்த்தசாமம் என்னும் இரவின் கடைசிப் பூஜைக்குச் சிதம்பரம் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்ததை வெறும் பேச்சாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு தலத்துக்கும் அதற்கென்று ஒரு வேளை உண்டு என்று கண்டு, அதற்கேற்ப நடந்தே போன காலத்தில் அவர்கள் போட்டு வைத்த கால அட்டவணை அது. சிதம்பரத்தில் அர்த்தசாமத்தில் நடராஜரின் திருவடிகள் பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளும் காட்சியை என் இருபதாவது வயதில் ஒரு முறை கண்டிருக்கிறேன். அதை மனைவிக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணத்துக்கே பணம் கட்டினேன்.

மூன்றாம் நாள் காலையில் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்கும் வேளை அதுதான். பிரகாரம் முழுவதும் ஹோமப் புகையும், மாலையும் கழுத்துமாகத் தம்பதியரும், பேரப்பிள்ளைகளும். அவர்கள் மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. அபிராமியை நிதானமாகக் காண விரும்புகிறவர் மாலையில் போக வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. பகலுக்கு எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலேயே தரங்கம்பாடி இருக்கிறது. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, சமயப் போதகர் சீகன்பால்கு காலத்தில் 1718-இல் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயம், முன்பகுதியைக் கடல் கொண்டுபோன பிறகும் கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் என எல்லாம் ஒரு நாழிகை நடையில் அடங்கிவிடும். எங்கள் வேன் அங்கே நின்றது இருபது நிமிடம். வங்காளப் பெரியவர் ஒருவர் கோட்டை வாசல் வரை போய், கூப்பிட்டவுடன் பாவம், ஓடி வந்து ஏறினார்.

பகல் வெயிலில் கடற்கரையில் நிற்கச் சொல்கிறானே என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், சித்திரை, வைகாசியில் இந்த யோசனை செல்லாது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கரையோரம் மழைக்கும் புயலுக்கும் உரியது. தையும் மாசியும் ஏற்றவை, வேலூர்க்காரர்களுக்கு வெயில் ஒன்றும் புதிதுமல்ல. வழிபாட்டுத் தலத்தில் காக்க வைப்பதைவிட மரநிழல் உள்ள பழைய தெருவில் உலவ விடுவது முதியவர்களுக்கும் நல்லது. மற்றொன்றையும் என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன்: பகலில் இப்படி ஓரிடத்தில் மூன்று மணி நேரம் வண்டி நின்றால் ஓட்டுநர் தூங்க முடியும். எங்கள் ஓட்டுநர் விட்டுப்போன நேரத்தைப் பிடிப்பதற்காக இரண்டு இரவுகள் கண் விழித்து ஓட்டினார். திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாக வேலூருக்கு வந்த கடைசி எண்பது கிலோமீட்டரும் நான் முன்னிருக்கையில் உட்கார்ந்து அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

உள்ளூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. காஞ்சிக்குப் போகும் வழியில் சற்றே விலகினால் திருவல்லம் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். அங்கே நந்தி இறைவனைப் பார்க்காமல் திரும்பியிருப்பார். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பார்க்காமல் தூண் சிற்பத்தைத் தேடி எங்கெங்கோ போகிறோம். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்த அந்தக் கோயிலுக்கு, எங்கள் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981-இல்தான் திரும்பச் சென்றது. வங்காளக் குடும்பத்தாரிடம் இதைச் சொன்னபோது, மூன்று வாரமாகக் கோட்டைக்கு எதிரிலேயே தங்கியிருந்தும் உள்ளே கோயில் இருப்பதை யாரும் சொல்லவில்லை என்றார்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இனி இத்தகைய பயணக் கட்டுரைகளை வெளியிடும்போது, ஒவ்வொரு ஊரின் பெயருக்கும் பக்கத்தில் தொலைவோடு நடை திறக்கும் நேரத்தையும் சாத்தும் நேரத்தையும் அச்சிடுங்கள். மார்கழியில் அதிகாலையிலேயே நடை திறப்பார்கள், கிரகண நாட்களில் நேரம் மாறும், பௌர்ணமியில் திருவண்ணாமலைச் சாலையில் வண்டி நகராது என்பன போன்ற விலக்குகளை அடியில் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பயணம் நடத்துகிறவர்கள் அதைப் படிக்கிறார்களோ இல்லையோ, பணம் கட்டப் போகிறவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க முடியும்.

கைலாசநாதரை நாங்கள் பிறகு பார்த்துவிட்டோம். பங்குனியில் ஒரு நாள் விடியற்காலைப் பேருந்தில் காஞ்சிக்குப் போய், நடை திறந்த சற்று நேரத்தில் உள்ளே இருந்தோம். கருவறையைச் சுற்றியுள்ள அந்தக் குறுகிய வழியில் என் மனைவி தவழ்ந்து வந்தாள். முழங்கால் வலி காரணமாக நான் வெளியில் நின்றேன். சிதம்பரத்து அர்த்தசாமம்தான் இன்னும் பாக்கி இருக்கிறது.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற டைம் கீப்பர்,
சத்துவாச்சாரி, வேலூர்.