இஞ்ச் டேப் வைத்து அளந்து சொன்னவர்களுக்கு

அன்புள்ள அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கு,

அரையாண்டு விடுமுறையில் மூன்று நாள் சென்னைக்குப் போய்விட்டு, நல்லபடியாக மதுரை வந்து சேர்ந்துவிட்டோம். துணியெல்லாம் துவைத்தாகிவிட்டது. சக்கர நாற்காலியின் முன்சக்கரத்தில் சிக்கியிருந்த மெரினா மணலைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி எடுத்தாகிவிட்டது. உங்களுக்கு நன்றி சொல்வது மட்டும்தான் பாக்கி. உங்களில் பாதிப்பேரின் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவனுக்கு 9 வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். கால்கள் நிற்காது, ஆனால் கைகளில் நல்ல வலு. சமதரையாக இருந்தால் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போவான். சின்னவளுக்கு 3 வயது, கையை விட்டால் ஓடிவிடுவாள். கூட வந்த என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, முழங்கால் வலி. அவரால் படி ஏற முடியாது. இந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு ஓர் ஊருக்குப் போவது என்றால், எதைப் பார்ப்பது என்பதைவிட, எந்த வாசலில் எத்தனை படி என்பதுதான் எங்களுக்கு முதல் கேள்வி.

போன வருடம் வேறோர் ஊருக்குப் போயிருந்தோம். தங்கும் இடத்தில் போன் போட்டுக் கேட்டபோது, "எல்லா வசதியும் இருக்கு மேடம், வாங்க" என்றார்கள். போய் இறங்கினால் வாசலிலேயே ஐந்து படி. குளியலறைக் கதவு நாற்காலியைவிடக் குறுகல். "தூக்கிடலாம் மேடம், நாங்க இருக்கோம்ல" என்று இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கும்போது என் மகன் கண்ணை இறுக்க மூடிக்கொள்வான். கீழே இறக்கி விட்ட பிறகும் கொஞ்ச நேரம் திறக்க மாட்டான். அந்த மூன்று நாளில் எத்தனை முறை கண்ணை மூடினான் என்று எனக்குத்தான் தெரியும். இனிமேல் 'வசதி இருக்கு' என்ற பேச்சை நம்பி எங்கேயும் போவதில்லை, அளவு கேட்டுத்தான் போவது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

அதனால் முதல் நன்றி, எழும்பூரில் நாங்கள் தங்கிய விடுதியின் ரிசப்ஷனில் இருந்த தம்பிக்கு. "எங்கள் நாற்காலி 22 இஞ்ச் அகலம், உங்கள் பாத்ரூம் கதவு எவ்வளவு?" என்று கேட்டேன். இதற்கு முன் ஏழு இடங்களில் இதே கேள்வியைக் கேட்டு, "வரும் மேடம், வரும்" என்ற பதிலோடு போனை வைத்திருந்தேன். இந்தத் தம்பி, "தெரியலக்கா, அளந்துட்டுக் கூப்பிடுறேன்" என்றார். அரைமணி நேரத்தில் ஒரு வீடியோ வந்தது. ஒரு கையில் டேப், ஒரு கையில் போன். கதவு 28 இஞ்ச். கட்டிலின் உயரம், லிஃப்டின் உள்ளளவு, வாசல் சரிவுப் பாதை என்று நான் கேட்காததையும் காட்டியிருந்தார். "பாத்ரூமுக்குள்ள ஒரு இஞ்ச் திட்டு இருக்குக்கா, அதை மட்டும் பாத்துக்கோங்க" என்று குறையையும் மறைக்காமல் சொன்னார். தம்பி, அந்த ஒரு இஞ்சைச் சொன்னதால்தான் உங்களை முழுசாக நம்பினேன்.

அடுத்து, தெரபி மையத்தில் பழக்கமான அக்காவுக்கு. தன் மகளோடு இரண்டு முறை சென்னை போய் வந்தவர். நான் போட்டு வைத்திருந்த திட்டத்தைப் படித்துவிட்டு, "ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும்டி, மதியம் எல்லாரும் தூங்கணும்" என்று பாதியை அடித்துவிட்டார். வண்டலூர் உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர், சின்னக் குழந்தையோடும் நாற்காலியோடும் அதற்கே தனியாக ஒரு பயணம் வர வேண்டும் என்றார். விட்டுவிட மனசே வரவில்லை, ஆனால் அவர் சொன்னதுதான் சரி. மதியம் தூங்கி எழுந்ததால்தான் மாலையில் எல்லோரும் சிரித்த முகத்தோடு இருந்தோம்.

போகும்போது வந்தே பாரத். அதன் முதல் பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும் சக்கர நாற்காலி நிறுத்த இடமும், அகலமான கழிப்பறையும் உண்டு. மதுரையில் வண்டி நிற்பது சில நிமிடம்தான். எங்களை முன்னதாகவே அந்தப் பெட்டி நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, நாற்காலியை நேராகப் பிடிக்காமல் பின்பக்கமாக ஏற்ற வேண்டும் என்று என் கணவருக்குச் சொல்லிக்கொடுத்த போர்ட்டர் அண்ணனுக்கு நன்றி. நாங்கள் கொடுத்ததற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

எழும்பூரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் போய், அங்கே வழித்தடம் மாறி அடுத்த நிறுத்தமான அரசினர் தோட்டத்தில் இறங்கினோம். எல்லா இடத்திலும் லிஃப்ட், டிக்கெட் காட்டி நுழைவதற்கு அகலமான வழி. சென்ட்ரலில் எந்த லிஃப்டில் போவது என்று தெரியாமல் நின்றபோது சீருடையில் ஒரு தங்கை வந்தார். என்னிடம் பேசவில்லை. குனிந்து என் மகனைப் பார்த்து, "நான் தள்ளட்டுமா, நீங்களே வர்றீங்களா?" என்று கேட்டார். "நானே வர்றேன்" என்றான். அவன் வேகத்துக்கு நடந்து, நடைமேடை வரை வந்து விட்டுப் போனார். தங்கச்சி, அவனிடமே கேட்டீர்கள் பாருங்கள், அதை அவன் வீட்டுக்கு வந்தும் இரண்டு தடவை சொல்லிவிட்டான்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க இருந்தோம். 2010-இல் திறந்த கட்டடம், லிஃப்ட் இருப்பதால் குழந்தைகள் பகுதிக்குச் சிரமமில்லாமல் போனோம். எங்கள் மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பார்த்துப் பழகிய சின்னவள், உள்ளே நுழைந்ததுமே தன் வீடு மாதிரி உட்கார்ந்துகொண்டாள். அத்தை அங்கேயே ஒரு நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாக ஒரு புத்தகம் படித்தார்.

இனி மெரினா. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலின் மேல் மரப்பலகைப் பாதை ஒன்று போகிறது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியை உடைத்துப் போட்டது. சரிசெய்து மறுபடியும் திறந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாள் மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். வருடம் பூராவும் வேண்டும் என்று விடாமல் கேட்டவர்கள் இருந்ததால்தான் இந்தப் பாதை வந்தது. படி ஏறாமல் உள்ளே போகிற தாழ்தளப் பேருந்துக்காக உயர் நீதிமன்றம் வரை போன, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடும் வைஷ்ணவி ஜெயக்குமார் போன்றவர்களை நான் நேரில் பார்த்ததில்லை. 2024 ஆகஸ்ட் முதல் சென்னையில் அந்தப் பேருந்துகள் ஓடுகின்றன. அப்படி ஒன்றில் நாங்களும் ஏறினோம். ஓட்டுநர் அண்ணன் பேருந்தை நடைபாதை ஓரமாக அணைத்து நிறுத்தி, நாற்காலி ஏறுவதற்கான சரிவுப் பலகை இறங்கும் வரை யாரையும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். விடாமல் கேட்டவர்களே, நீங்கள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கும் அலுவலகங்களுக்கும் நடந்த நடை எங்கள் பிள்ளைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

பாதையின் தொடக்கத்தில் கணவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். "விடுங்கப்பா, நானே போறேன்" என்றான். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். நடுவில் ஒரு குடும்பம் பாதையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்பதற்கு முன்பே எழுந்து, பாட்டியையும் கைபிடித்து எழுப்பி வழிவிட்டார்கள். "மெதுவா போப்பா, கடல் எங்கயும் போகாது" என்றார் அந்தப் பாட்டி. நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். கடைசிப் பலகை வரை அவனேதான் உருட்டினான். அதுவரை அவன் கடலைப் பார்த்ததெல்லாம் அப்பாவின் தோளில் இருந்துதான்.

பாதை முடியும் இடத்துக்கும் அலைக்கும் நடுவே இன்னும் மணல் இருக்கிறது. சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, தண்ணீர் பாட்டிலில் கடலை மொண்டு வந்து அண்ணன் காலில் ஊற்றினாள். "சில்லுனு இருக்கா?" என்று கேட்டாள். மறுபடி ஓடினாள். ஆறு தடவையாவது இருக்கும். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் அதே காமராஜர் சாலையில், லேடி வில்லிங்டன் வளாகத்தில் உள்ள மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டிஸ் போனோம். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் கருவிகளைத் தொட்டுப் பார்க்கலாம். அன்றாட வேலைகளுக்கு இத்தனை விதமான கருவிகள் இருக்கிறதா என்று அத்தை வியந்துபோனார். இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கலாம், ஊருக்குக் கிளம்பும் அவசரம்.

நாற்காலியை மடித்து வைக்கத் தன் ஆட்டோவின் பின்பக்கத்தைக் காலி செய்து வைத்திருந்த அண்ணனையும் மறக்கவில்லை. மூன்று நாளும் அவர்தான் வந்தார்.

நீங்கள் யாராவது இப்படிக் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் மதுரைக்கு வருவதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். தங்கும் இடமோ, கோயில் வாசலோ, நாயக்கர் மகாலோ, நேரில் போய்ப் பார்த்து, எத்தனை படி, எத்தனை இஞ்ச் என்று எழுதி அனுப்புகிறேன். கைப்பையில் இப்போது ஒரு இஞ்ச் டேப் வைத்திருக்கிறேன். மறுமுனையைப் பிடித்துக்கொள்ளப் பெரியவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஓர் அம்மா