பத்திரமும் உன் பட்டியலும்

திருச்சி

அன்புள்ள பாப்பாவுக்கு,

எம்.பி.ஏ. படிக்க வெளிநாட்டுக் கல்லூரிகளைப் போட்டு மஸ்கட்டிலிருந்து நீ அனுப்பிய எக்செல் பட்டியலைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தேன். செல்போனில் பெரிதாக்கிப் பார்த்துக் கண் வலித்துவிட்டது. நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்ததைப் பார்த்து, "ரிட்டயர் ஆகியும் லோன் அப்ளிகேஷன் உன்னை விடவில்லையா?" என்றார் அப்பா.

தரவரிசைக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறாய், கட்டணத்துக்கு ஒன்று. உன் வயது 37 என்பதற்குக் கட்டம் எங்கே? மாப்பிள்ளையும் குட்டியும் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள்?

மெல்போர்னை அடித்துவிட்டேன். கல்லூரி உன் வயதைக் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும். ஆனால் படித்து முடித்தபின் அங்கேயே தங்கி வேலை பார்க்கத் தரும் விசாவுக்கு 2024 ஜூலையிலிருந்து 35 வயதுதான் வரம்பு. ஆராய்ச்சிப் படிப்புக்கு விலக்கு உண்டு, எம்.பி.ஏ.வுக்குக் கிடையாது. ஆஸ்திரேலியக் கட்டணத்தை மஸ்கட் சம்பளத்தில் அடைப்பாயா?

மான்செஸ்டர் பக்கத்தில் கேள்விக்குறி. 2024 ஜனவரி முதல் பிரிட்டனில் எம்.பி.ஏ. மாதிரிப் படிப்புக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. அரசு உதவித்தொகையில் வருகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. அதனால் அந்த ஊர் வேண்டுமென்றால் பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பி. அதற்கு வயது வரம்பு இல்லை. எம்.பி.ஏ. கட்டணத்தில் 22,000 பவுண்டு வரைதான் தருவார்கள், மீதி நம் தலையில். முடித்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. எனக்கு அதில் ஒரு ஆட்சேபணையும் இல்லை!

கனடாவில் பன்னிரண்டு மாதப் படிப்பைச் சிக்கனம் என்று குறித்திருக்கிறாய். 2025 ஜனவரியிலிருந்து மாணவரின் கணவனோ மனைவியோ வேலை பார்க்க அனுமதி வேண்டுமென்றால், முதுகலைப் படிப்பு 16 மாதமாவது இருக்க வேண்டும். குட்டைப் படிப்பை எடுத்தால் மாப்பிள்ளை டொரண்டோ குளிரில் சம்பளமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான்கு மாதம் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வருஷச் சம்பளம் போகும்.

ஜெர்மனியில் படிப்பே இலவசம் என்று உன் சித்தி போன் போட்டுச் சொன்னாள். அரசுப் பல்கலைக்கழகத்தின் சாதாரண முதுகலைக்கு அது பெரும்பாலும் சரி. எம்.பி.ஏ.வுக்குத் தனிக் கட்டணம். அதற்குமேல் ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவுக்கென்று 11,904 யூரோவை, மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். பிரான்சில் இருக்கும் இன்சியாட் கல்லூரியின் எம்.பி.ஏ. பத்தே மாதம்தான், ஆனால் கட்டணம் மட்டும் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இப்போது கடனுக்கு வருகிறேன். காலண்டர் தாளின் பின்பக்கம் போட்ட கணக்கு இது. 40 லட்சம், பத்தரை வட்டி, பத்து வருஷம். மாசத் தவணை ஏறக்குறைய 54,000. அது நீ படித்து முடித்து ஒரு வருஷம் கழித்துத்தான் ஆரம்பிக்கும், நிம்மதி என்று நினைக்காதே. படிப்பு ஒரு வருஷம், அதற்கப்புறம் ஒரு வருஷம், அந்த இரண்டு வருஷமும் வட்டி ஓடும். வருஷத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். நடுநடுவே அதைக் கட்டாவிட்டால் அசலோடு சேர்ந்து தவணை இன்னும் ஏறும். கடைசித் தவணை கட்டும்போது உனக்கு 49. குட்டி அப்போது காலேஜில் இருப்பான், அவனுக்கு வேறு ஃபீஸ் கட்ட வேண்டும்.

பேங்க் லோன் செக்‌ஷனில் என் மேஜைக்கு எதிரே எத்தனையோ அப்பாக்கள் உட்கார்ந்து, பிள்ளைக்குப் பக்கத்தில் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் எங்கே கையெழுத்து என்று மட்டும்தான் கேட்பார்கள். ஒரே ஒருவர், "எத்தனாவது வயசுல முடியும்?" என்று கேட்டார். பையனுடைய வயதைத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பதில் சொன்னேன். அவர் கேட்டது தன்னுடைய வயதை.

உன் பட்டியலில் இல்லாத ஒன்றைப் பச்சை மையில் எழுதி வைத்திருக்கிறேன். ஐ.ஐ.எம். அகமதாபாத் 2025 செப்டம்பரில் துபாயில் வளாகம் திறந்து, வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு வருஷ எம்.பி.ஏ. ஆரம்பித்திருக்கிறது. மஸ்கட்டிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். மாப்பிள்ளை வேலையை விட வேண்டாம், குட்டிக்குப் பள்ளிக்கூடம் மாற வேண்டாம். புதுசுதான், முந்தைய பேட்ச் என்று சொல்ல அதிகம் பேர் இல்லை, அது குறைதான். கட்டணத்தையும் வகுப்பில் சராசரி அனுபவம் எத்தனை வருஷம் என்பதையும் நீயே எழுதிக் கேள். 27 வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரே அக்காவாக உட்காரப் போகிறாயா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? கேம்பஸுக்கு வரும் கம்பெனிகள் 37 வயசுக்காரர்களை எந்த வேலைக்கு எடுத்தார்கள் என்றும் கேள். அப்புறம், எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜி.மேட் மதிப்பெண் ஐந்து வருஷம்தான் செல்லும். நீ கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது எப்போதோ காலாவதி.

கடனுக்கு அடமானமாக வீட்டுப் பத்திரம் தர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அப்பாவும் சரி என்றுதான் சொன்னார். 40 லட்சத்துக்கு மேல் மட்டும் போகாதே. நேற்று பத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுத்து வெயிலில் காட்டினேன். ஓரம் கொஞ்சம் செல்லரித்திருக்கிறது, சர்வே நம்பர் நன்றாகப் படிக்க முடிகிறது.

அன்புடன்
அம்மா