சுமையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கித் தந்தவர்களுக்கு நன்றி

மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், தேவனாம்பட்டினம், புதுச்சேரி என்று ஆளுக்கொரு மூலையில் இருந்து எங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

2011 டிசம்பர் 30-இல் அடித்த தானே புயல், 2015 வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் புரண்டு வந்த தண்ணீர் என எந்த வருடத்தை எடுத்தாலும் கடலூரில் நிவாரண வேலைக்கு ஒரே இடத்தில்தான் முட்டுக்கட்டை. வண்டி நின்றுவிடும் இடத்துக்கும் தண்ணீர் சூழ்ந்த வீட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தக் கடைசித் தூரத்துக்கு அரிசிச் சிப்பம், தண்ணீர் கேன், சிலிண்டர் எல்லாம் ஆள் முதுகில்தான் போயாக வேண்டும். அதற்காகத்தான் முதுகில் மாட்டிச் சுமை தூக்கும் இந்த அலுமினிய பிரேம்கள்.

கனடாவில் இருந்து பழைய வேட்டைப் பை பிரேம்களை அனுப்பி வைத்த தம்பிக்கு முதல் நன்றி. அங்கே காட்டுக்குள் மான் வேட்டையாடுகிறவர்கள் கறியைத் துண்டுபோட்டு முதுகில் கட்டி நடந்தே கொண்டு வருவார்கள். அதனால் பையைக் கழற்றிவிட்டு வெறும் அலுமினியச் சட்டத்தில், கீழே ஒரு தட்டின் மேல், நேரடியாகச் சுமையைக் கட்ட முடியும். நமக்கு வேண்டியதும் அதுவே. ஆனால் வந்த பிரேம்கள் உயரம் குறைந்தவை. இடுப்புப் பட்டையும் வெறும் நாடாதான். 20 லிட்டர் கேன் ஏற்றினால் 20 கிலோவுக்கு மேல் இடுப்புக்கு இறங்காமல் அப்படியே தோளில் தொங்கும். தோள்வாரில் பாரம் நின்றால் அக்குளுக்கு மேலே நரம்பு அழுந்தி, கை மரத்துப்போகும்.

இதைத் தெளிவாகச் சொன்னவர் பிசியோதெரபி அக்கா. அக்கா, நீங்கள் காட்டிய அளவெடுப்பு இப்போது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பில் இருந்து, இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்தால் கட்டைவிரல்களுக்கு நடுவே வரும் கோடு வரை டேப் பிடிக்க வேண்டும். ஆளின் உயரத்தைக் கேட்டால் போதாது. உயரமானவர்களிலும் முதுகு குட்டையானவர்கள் உண்டு. இடுப்புப் பட்டையின் நடுக்கோடு அந்த இடுப்பெலும்பு விளிம்பின் மேல் உட்கார வேண்டும். மேலே ஏறினால் வயிறு அழுந்தி மூச்சு முட்டும். கீழே இறங்கி இறுகினால் தொடையின் வெளிப்பக்கம் மரத்துவிடும். கைலி முடிச்சு, சாவிக்கொத்து, போன் எதுவும் பட்டைக்கு அடியில் இருக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதைச் சேர்க்காமல் விட்டால் இந்த மடல் முழுமையாகாது.

பட்டறை அண்ணனுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். பிரேமை மேலே நீட்ட வேண்டும் என்றதும் வெல்டிங் வேண்டாம் என்று ஒரே பேச்சில் நிறுத்தினீர்கள். பதம் ஏற்றிய அலுமினியக் குழாயில் வெல்டிங் சூடு பட்டால் அந்த இடத்தைச் சுற்றி உலோகம் இளகிப்போகும். பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும் சுமை ஏறியதும் ஒட்டுக்குப் பக்கத்திலேயே மடங்கும். அதற்குப் பதில், குழாய்க்குள் இறுக்கமாக நுழையும் 15 செ.மீ. உள்குழாயை இரண்டு பக்கமும் சரிபாதி இறக்கி, மேலே 12 செ.மீ. துண்டைச் சேர்த்து போல்ட் போட்டுத் தந்தீர்கள். துளைகளைக் குழாயின் பக்கவாட்டில்தான் போட்டீர்கள். சுமை பின்னால் இழுக்கும்போது குழாயின் முன்முகமும் பின்முகமும்தான் அதிக விசை வாங்கும், அங்கே ஓட்டை போட்டால் அதுவே முறியும் இடம். ஸ்டீல் போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நைலான் வாஷர் போடச் சொன்னதும் நீங்களே. நம் ஊர் உப்புக்காற்றில் இரண்டு உலோகமும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நட்டு கழன்று ஓடாமல் இருக்க உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டைப் போட்டது இன்னொரு புண்ணியம்.

அந்த 12 செ.மீ. எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். தோள்வாரின் உச்சியில் இருந்து பிரேமின் தலைக்குப் போகும் சின்ன இழுநாடா ஏறக்குறைய 45 பாகையில் மேல்நோக்கிப் போக வேண்டும். அப்போதுதான் சுமையின் தலையை முதுகோடு இழுத்துப் பிடித்து, வாரைத் தோளில் இருந்து லேசாகத் தூக்கும். பிரேம் குட்டையாக இருந்தால் நாடா படுத்துவிடும், இழுத்தும் பயனில்லை.

இடுப்புப் பட்டைக்கு இரண்டு பேருக்கு நன்றி. செருப்புத் தைக்கும் பெரியவர் தந்த யோசனை: உடம்புப் பக்கம் 5 மி.மீ. மெத்தென்ற ஈவா ஷீட் (செருப்புக்குப் போடும் நுரை ஷீட்), வெளிப்பக்கம் 8 மி.மீ. கெட்டியான ஷீட், இரண்டையும் சொல்யூஷன் போட்டு ஒட்டிவிடுவது. மெத்தை மட்டும் போட்டால் சுமையில் நசுங்கி நாடாவின் ஓரம் எலும்பில் குத்தும். சோபா ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். ஐயா, பட்டையை நேராக வெட்டாமல் கீழ்விளிம்பு நீளமாக, வளைவாக வெட்டினீர்கள் பாருங்கள், அதுதான் இடுப்பு விரிவோடு படிந்து நிற்கிறது. கட்டிய பிறகு மெத்தையின் இரு முனைகளுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்க வேண்டும். முட்டிக்கொண்டால் அதற்கு மேல் இறுக்க வழியில்லை.

தார்ப்பாய் தைக்கும் அண்ணன் பருத்தி நூலைத் தொடவே இல்லை. நனைந்து காய்ந்து மக்கிவிடும் என்று தடித்த பாலியெஸ்டர் நூலில்தான் தைத்தார். 50 மி.மீ. நாடாவை 5 செ.மீ. மடித்து, சதுரமும் நடுவில் பெருக்கல் குறியுமாகத் தையல். தையல் நீளம் 3 மி.மீ. உறுதிக்காக என்று பொடித்தையலாக நெருக்கிப் போட்டால் ஊசித் துளைகளே வரிசையாகி நாடா கிழியும். பிரேமின் கீழ் மூலைகளில் இருந்து பட்டையின் இரு சிறகுக்கும் தனி நாடா கொடுத்தது அவர் கைவண்ணம். அது இல்லாவிட்டால் பட்டை நடுவில் மட்டும் பிடித்து, சுமை பக்கவாட்டில் ஆடும்.

தேவனாம்பட்டினத்து மீனவ அண்ணன்மார்களே, முதுகு படும் இடத்தில் நீங்கள் பின்னித் தந்த கயிறு இன்னும் தொய்யவில்லை. நைலான் ஈரத்தில் நீளும் என்று சொல்லி, தண்ணீர் குடிக்காத பாலியெத்திலீன் வலைக்கயிற்றை எடுத்தீர்கள். முதுகுக்கும் குழாய்க்கும் நடுவே விரல் நுழையும் இடம் கிடைத்தது.

திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தோழர்களுக்கு எங்கள் வணக்கம். சும்மாடு வைத்துத் தலையில் சுமப்பவர்கள், முதுகுச் சுமையிலும் ஆசானாக நின்றீர்கள். தரையில் இருந்து தூக்காதே, திண்ணை உயரத்தில் வைத்து முதுகைக் கொடுத்து, முட்டிபலத்தில் எழு என்றீர்கள். கனமான பொருள் முதுகை ஒட்டி இருக்க வேண்டும் என்றீர்கள். கேன் தட்டின் வெளிவிளிம்புக்கு நகர்ந்தால் எடை கூடுவதில்லை, இழுப்பு கூடும். ஆள் முன்னால் கூன வேண்டிவரும். அதனால்தான் தட்டில் பழைய சைக்கிள் டியூபை ஒட்டி, கேனின் கழுத்திலும் நடுவிலும் இரண்டு கட்டு. பாதி நிரம்பிய கேன் அலம்பி ஆளை ஆட்டும், நிறைகேன்தான் ஏற்ற வேண்டும். சிலிண்டர் என்றால் மூடி போட்டு நிமிர்த்தித்தான். ஒரு ஆளுக்கு ஒரு கேன் அல்லது ஒரு 25 கிலோ சிப்பம், சேர்த்து அல்ல.

மாட்டும் வரிசை: எல்லா நாடாவையும் தளர்த்தி மாட்டி, முதலில் இடுப்பு, பிறகு தோள், பிறகு இழுநாடா, கடைசியில் நெஞ்சுக்குக் குறுக்கே வரும் நாடா. ஓடும் தண்ணீரில் இறங்கும் முன் இடுப்பு, நெஞ்சு பக்கிள் இரண்டையும் கழற்றித் தோளைத் தளர்த்திவிட வேண்டும். கால் வழுக்கினால் சுமையை உதறிவிட்டு ஆள் எழ வேண்டும். கையில் ஒரு கம்பு கட்டாயம், மூடி இல்லாத சாக்கடை கண்ணுக்குத் தெரியாது.

பிரேம்களை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்துத் தரும் புதுச்சேரிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. வெயிலில் தொங்கவிட்டால் நாடா வெளுத்து வலுவிழக்கும். புரட்டாசியில் தையல், நட்டு எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கிறோம், வந்துவிடுங்கள். பட்டையின் அட்டை மாதிரி, துளை அளவுக் குறிப்பு இரண்டும் தார்ப்பாய்க் கடையில் இருக்கின்றன. எந்த ஊர்க்காரர் கேட்டாலும் பிரதி எடுத்துக் கொடுக்க அண்ணன் சம்மதித்திருக்கிறார்.